முன் பிரேக் அழகுக்கு மாட்டியதல்ல

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் சைக்கிள் கடை வாசலில் ஒரு குட்டி யானை லோடு வண்டி வந்து நின்றது. பின்னால் வாழைத்தார்களுக்கு நடுவே ஒரு சைக்கிள் கிடந்தது. கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது வளைவில் விழுந்த ஒரு பையனைத் தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அவன் சொன்ன அடையாளத்தை வைத்து வண்டியை என்னிடம் கொண்டுவந்திருந்தார் டிரைவர். டீசலுக்குக்கூடக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பையனுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு உடைந்திருந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது.

சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டியதும் நான் பார்த்தது பிரேக் கட்டைகளைத்தான். பின் சக்கரத்துக் கட்டைகள் கண்ணாடி போல வழவழத்து, ஒன்றில் ரப்பர் போய் இரும்பு தெரிந்தது. முன் சக்கரத்துக் கட்டைகளில் கம்பெனி எழுத்துகூட அழியவில்லை. பின் டயரில் ஒரே இடத்தில் மட்டும் ரப்பர் தட்டையாக அரைபட்டு நூல் வெளியே வந்திருந்தது. இதற்குமேல் எனக்கு யாரும் கதை சொல்லத் தேவையில்லை. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பின் பிரேக்கை மட்டும் பிடித்தே இறங்கப் பார்த்திருக்கிறான்.

இந்த வருடம் இப்படி என் கடைக்கு வந்த நான்காவது வண்டி இது. மற்ற மூன்றிலும் இதே கதைதான்: பின் கட்டை கரி, முன் கட்டை புதுசு.

சேலத்தில் கடை என்பதால் மலையேறுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது என்னிடம் வருவார்கள். ஏற்காடு பக்கத்திலேயே இருக்கிறது, 20 வளைவு. கொஞ்சம் கால் பழகியதும் கொல்லிமலை. கொரோனாவுக்குப் பிறகு பையைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள், மூன்று நாள் என்று ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சந்தோஷம்தான், என் பிழைப்பும் அதில்தான் ஓடுகிறது. ஆனால் அத்தனை பேரும் கேட்பது ஏற்றத்தைப் பற்றி மட்டுமே. பின் சக்கரத்துப் பல்சக்கரத்தில் எத்தனை பல் போடலாம், எந்த கியரில் ஏறலாம், என்ன சாப்பிடலாம் என்பார்கள். இறங்குவதைப் பற்றிக் கேட்டால், "இறக்கம்தானே அண்ணா, மிதிக்கவே வேண்டாமே" என்று சிரிப்பார்கள்.

சரி, பிரேக்குக்கு வருகிறேன். "முன் பிரேக் பிடிச்சா குப்புறக் கவுந்துடும்." இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவர் சொல்கிறார், இன்ஜினியரிங் படித்தவர் சொல்கிறார், லட்ச ரூபாய் சைக்கிள் வைத்திருப்பவரும் சொல்கிறார்.

இந்த பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த பெரிய சைக்கிளில், கால் எட்டாமல் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய பையனுக்குப் பெரியவர்கள் சொன்ன புத்தி அது. அவன் உடம்பு பாருக்கு அடியில் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருக்கும், கை நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் விழத்தான் செய்வான். அவனுக்குச் சொன்னது சரி. சீட்டில் உட்கார்ந்து, கேரியரில் 10 கிலோ பையைக் கட்டிக்கொண்டு 40 கி.மீ. வேகத்தில் மலை இறங்குகிற ஆளுக்கு அது பொருந்தாது.

நம்பாதவர்களுக்குக் கடை வாசலிலேயே செய்துகாட்டுவேன். நீங்களும் செய்து பாருங்கள். சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று தள்ளிக்கொண்டே நடங்கள். பின் பிரேக்கை இறுக்கிப் பிடியுங்கள். சக்கரம் நின்றுவிடும், ஆனால் வண்டி தரையைத் தேய்த்துக்கொண்டு உங்களோடு வரும். இப்போது முன் பிரேக்கைப் பிடியுங்கள். வண்டி அடித்து நிறுத்தியது போல நிற்கும், பின் சக்கரம் லேசாக எம்பும். பிரேக் பிடித்ததும் பாரமெல்லாம் முன்னால் போகிறது, பின் சக்கரம் காற்றில் மிதக்கிறது. மிதக்கிற சக்கரத்தை எவ்வளவு இறுக்கினாலும் அது சறுக்குமே தவிர நிறுத்தாது. சமதரையிலேயே இப்படியென்றால் இறக்கத்தில் வண்டியின் மூக்கே கீழே பார்த்துக்கொண்டிருக்கிறது, கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் கவிழ்வது பொய்யா? பொய்யில்லை. வண்டி நின்ற பிறகும் உடம்பு நிற்காததால் கவிழ்கிறோம். முழங்கை தளர்ந்து கிடந்தால் ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போவான். அதனால் பிரேக் பிடிக்கும் முன் பெடல் இரண்டையும் சமமாக வைத்து, அதன்மேல் பாரத்தை ஊன்றி, இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளி, கையை விறைப்பாக வையுங்கள். பிறகு இரண்டு பிரேக்கையும் எலுமிச்சம்பழம் பிழிவது போலப் படிப்படியாக அழுத்துங்கள். பின் சக்கரம் எம்புவதோ சறுக்குவதோ தெரிந்தால் முன் பிடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆளில்லாத ரோட்டில் ஒரு மணி நேரம் பழகினால் கைக்கு வந்துவிடும்.

ஜல்லி, மணல், ஈர இலை கிடக்கிற இடத்தில் முன் பிரேக்கை இறுக்காதீர்கள். பின் சக்கரம் சறுக்கினால் சமாளிக்க ஒரு நொடியாவது கிடைக்கும், முன் சக்கரம் சறுக்கினால் அதுவும் கிடையாது. வளைவுக்குள் போன பிறகு பிரேக்கைத் தேடுவதும் அதே வகைதான். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே, வண்டி நேராக இருக்கும்போதே குறைத்துவிடுங்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இரண்டு பிரேக்கையும் பிடிப்பார்கள், ஆனால் உச்சியில் பிடித்தால் அடிவாரத்தில்தான் விடுவார்கள். நீங்களும் வண்டியும் பையும் சேர்ந்து 90 கிலோ, இறக்கம் 1000 மீட்டர் என்று வையுங்கள். அந்த இறக்கத்தில் வெளிப்படுகிற சக்தி மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கொஞ்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும், மிச்சம் முழுக்க பிரேக் கட்டை பிடிக்கிற இடத்தில், அதாவது ரிம்மிலோ (சக்கரத்தின் வெளி வளையம்) டிஸ்க்கிலோ (சக்கரத்தின் நடுவில் இருக்கும் தட்டு) தான் இறங்குகிறது. ரிம் சூடேறினால் டியூப் வெடிக்கும், பஞ்சர் ஒட்டு இளகும். டிஸ்க் என்றால் கட்டை கருகி வழவழத்துப் பிடிப்பு போகும். வயருக்குப் பதில் எண்ணெயால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில் அந்த எண்ணெய் கொதித்துவிட்டால் லீவர் பொதபொதவென்று ஹேண்டில்பார்வரை வந்து ஒட்டிக்கொள்ளும், வண்டி நிற்காது. அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், விடுங்கள், மறுபடி பிடியுங்கள். விட்டிருக்கிற நேரத்தில்தான் அது ஆறும். பத்து வளைவுக்கு ஒருமுறை நின்று கையையும் உதறிக்கொள்ளுங்கள். சூடான டிஸ்க்கில் விரலை வைத்துப் பார்க்காதீர்கள், தண்ணீரையும் ஊற்றாதீர்கள். இரண்டையும் செய்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். எந்தக் கை எந்த பிரேக் என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் வலது கை முன் பிரேக், வெளிநாட்டிலிருந்து வந்தவற்றில் மாறியிருக்கலாம். கட்டையில் உள்ள கோடு தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். சாதாரண ரிம் கட்டை 100, 200 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதில் போய்க் கஞ்சத்தனம் எதற்கு? வயர் நுனியில் இழை பிரிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். மெல்லிய வால்வு உள்ள டியூப் என்றால் அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும். கிராமத்துப் பஞ்சர் கடையில் ஸ்கூட்டருக்குக் காற்றடிக்கும் குழாய்தான் இருக்கும். ஏறும்போது வேர்க்கிறது என்று கழற்றிக் கேரியரில் மாட்டிய ஹெல்மெட் இறங்கும்போதும் கேரியரிலேயே தொங்குவதை எத்தனை போட்டோவில் பார்த்துவிட்டேன்! உச்சியில் டீ குடித்ததும் முதல் வேலையாக அதைத் தலைக்குக் கொண்டுவாருங்கள்.

மழை பெய்தால் ரிம் பிரேக் உடனே பிடிக்காது. முதல் சில சுற்று தண்ணீரை வழிப்பதற்கே போய்விடும், அதற்குத் தகுந்த மாதிரி முன்கூட்டியே பிடியுங்கள். வளைவில் மேலே ஏறி வருகிற பஸ்ஸுக்கு முழு ரோடும் தேவைப்படும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது சட்டமும்கூட. ஹாரன் கேட்டால் ஓரம் கட்டி நின்றுவிடுங்கள், கௌரவம் ஒன்றும் குறையாது.

மலை முடிந்துவிட்டது என்று அடிவாரத்து ஊர்களில் விட்டுப் பறக்காதீர்கள். தை, மாசியில் தார் ரோட்டிலேயே கொள்ளுக்கொடியும் கேழ்வரகுத் தாளும் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் பிரேக் பிடித்தால் எண்ணெயில் கால் வைத்த மாதிரிதான். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அவர்களிடம் சண்டைக்கும் போகாதீர்கள். நாளைக்கு நீங்கள் விழுந்தால் தூக்கிவிடப்போவது அவர்கள்தான்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பொங்கல் லீவுக்குக் கிளம்புகிறவர்கள் முதல்நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வண்டியைக் கொண்டுவராதீர்கள். ஒரு வாரம் முன்னால் கொடுங்கள். புதுக் கட்டை ரிம்மோடு பழக நாலைந்து நாள் ஓட்ட வேண்டும்.

அந்தப் பையனின் சைக்கிள் இன்னும் கடையில்தான் இருக்கிறது. சக்கரத்தில் கோட்டம் எடுத்துவிட்டேன், நான்கு கட்டையும் மாற்றியாயிற்று. நேற்று அவன் அம்மா போன் பண்ணினார். "தம்பி, இனிமே விழாம இருக்கணும், அந்த முன்னாடி பிரேக்கை மட்டும் கழட்டி விட்டுருங்க" என்றார். பையனை ஒருமுறை கடைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் அம்மா, நீங்களும் கூடவே வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.