போலீஸ்கிட்ட சொன்னா ஊருக்கு அனுப்பிடுவாங்களா? சிங்கப்பூர் ஆள்கடத்தல் சட்டத்துல பெண்களுக்கு என்ன உதவி இருக்கு

டான்ஸ் வேலை, கை நிறைய சம்பளம்னு சொல்லி சிங்கப்பூருக்குக் கூட்டிட்டு வந்து, இறங்கின அன்னைக்கே பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டு, ரூமை விட்டு தனியா வெளிய விடாம, கஸ்டமர் கூட போகச் சொல்லி மிரட்டினா அதுக்குப் பேரு ஆள்கடத்தல். நிறைய தங்கச்சிங்க இதை வெறும் சம்பளப் பிரச்சினைன்னு நினைச்சுக்கிட்டு வாயைத் திறக்காம இருக்காங்க.

ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் 2014ல பாஸ் ஆச்சு, 2015 மார்ச் 1ல இருந்து நடப்புல இருக்கு. கடத்தினவங்க முதல் தடவை மாட்டினாலே 10 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் அபராதம், பிரம்படியும் உண்டு. பங்களாதேஷ்ல இருந்து டான்ஸ் ஆட வந்த 3 பெண்களோட கேஸ்ல கிளப் நடத்தின புருஷன் பொண்டாட்டிக்கு 2020ல ஆளுக்கு ஐந்தரை வருஷம் ஜெயில் விழுந்துச்சு, அதனால புகார் குடுத்து என்ன ஆகப் போகுதுன்னு நினைக்காதீங்க.

சரி, புகார் குடுத்த பொண்ணுக்கு என்ன கிடைக்கும்? தற்காலிகமா தங்க இடம், கவுன்சலிங் இதெல்லாம் சமூக நலத்துறை தரலாம்னு சட்டத்துலயே இருக்கு. ஆனா கவனிங்க, "தரலாம்"னுதான் இருக்கு, தந்தே ஆகணும்னு இல்ல. என்னைக் கேட்டா இது பெரிய குறை, அதனால நாமதான் வாய் விட்டு கேட்கணும், கூட யாராவது இருந்தா அவங்களும் கேட்கணும்.

விசாரணை முடியற வரைக்கும் இங்க இருக்க ஸ்பெஷல் பாஸ் குடுப்பாங்க, உடனே ஊருக்கு ஏத்தி விட மாட்டாங்க. ஆனா அந்த பாஸை மட்டும் வச்சு வேலை பார்க்க முடியாது, அதுக்கு எம்ஓஎம் (மனிதவள அமைச்சு) அனுமதி தனியா வேணும், தற்காலிக வேலைத் திட்டம்னு ஒண்ணு வச்சிருக்காங்க, விசாரணை அதிகாரிகிட்ட முதல் நாளே கேட்டு வைங்க. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, நான் பேச்சுத்துணைக்குப் போன ஒரு தங்கச்சிக்கு ஷெல்டர்ல சாப்பாடு படுக்கை எல்லாம் இருந்துச்சு, ஆனா ஊர்ல இருந்து அம்மா போன் பண்ணா போனைக் கவுத்து வச்சிடுவா. ஏஜெண்டுக்குக் குடுக்க வாங்கின கடன் அங்க வட்டி ஏறிக்கிட்டே இருக்கு, அவ என்னத்தைச் சொல்லுவா? கையில கொஞ்சம் சம்பாத்தியம் வந்தாதான் அவளுக்கு மூச்சே வரும்.

வாக்குமூலம் குடுக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்னு சொல்லுங்க, திரும்ப வாசிச்சுக் காட்டின பிறகுதான் கையெழுத்து. ஐபிஏ லெட்டர் (வேலை பாஸுக்கு முதல்ல வர்ற ஒப்புதல் கடிதம்), வாய்ஸ் மெசேஜ், ஏஜெண்டுக்குப் பணம் அனுப்பின ரசீது எதையும் அழிக்காதீங்க. நேரா போலீஸுக்குப் போக பயமா இருந்தா ஹோம் (HOME), டிடபிள்யூசி2 (TWC2) மாதிரி வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவுற அமைப்புகள்ல முதல்ல பேசலாம், ஆனா ரூமைப் பூட்டி வச்சிருக்காங்க, அடிக்கிறாங்கன்னா யோசிக்காம போலீஸுக்கு 999 அடிங்க.