கொப்பரை விலை விழுந்தால்: விற்பனைக்கூடத்துக்கு மூட்டை ஏற்றும் முன்

கச்சா எண்ணெய் தேங்கினால், எடுக்கிற நாடுகள் கூடிப் பேசி உற்பத்தியைக் குறைத்துக்கொள்கின்றன. 2020இல் ஒபெக் நாடுகளும் கூட்டாளிகளும் நாளுக்கு 97 லட்சம் பீப்பாய் குறைத்தார்கள். தென்காசி மாவட்டம் கடையத்துத் தென்னந்தோப்பில் அது நடக்காது. 45 நாளுக்கு ஒரு தேங்காய் வெட்டு வந்தே தீரும். அதனால்தான் சந்தை விலை, அரசு அறிவிக்கிற ஆதார விலைக்குக் கீழே போகிற ஆண்டுகளில், மத்திய அரசுக்காகக் கொள்முதல் செய்யும் கூட்டுறவு அமைப்பான நாஃபெட், ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் வழியாகக் கொப்பரை வாங்குகிறது. 2025 பருவத்தில் அந்த ஆதார விலை, எண்ணெய் ஆட்டுகிற அரவைக் கொப்பரைக்குக் குவிண்டால் 11,582 ரூபாய், முழுசாகக் காய்ந்த பந்துக் கொப்பரைக்கு 12,100 ரூபாய் என்று இருந்தது. வெளியே கூடுதலாகக் கிடைத்தால் அங்கேயே விற்றுவிடுங்கள்.

சரி, விலை இறங்கிவிட்டது. விற்பனைக்கூடத்தில் சிட்டா (நிலம் யார் பெயரில் என்று காட்டுவது), அடங்கல் (நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமப் பதிவேடு), ஆதார், வங்கிப் புத்தகம் கேட்பார்கள். இதில் ஆளைக் கவிழ்ப்பது அடங்கல்தான். வாழையை எடுத்துவிட்டுத் தென்னை வைத்துப் பத்து வருடமாகியிருக்கும்; பதிவேட்டில் இன்னும் வாழையே நிற்கும். எங்கள் தெரு ஆச்சி ஒருவர் அதைத் திருத்த மூன்று முறை நடந்தார். ஒருநாள் கிராம நிர்வாக அலுவலர் இல்லை, அடுத்த நாள் தாலுகா ஆபீஸுக்குப் போகச் சொன்னார்கள், மூன்றாம் நாள் வேலை முடிந்தது. ஆனால் விற்பனைக்கூடத்தில், “பதிவு முடிஞ்சிட்டு ஆச்சி” என்றார்கள். அவர் செய்த தவறு என்ன? கொள்முதல் அறிவிப்பு வந்த பிறகு நடக்கத் தொடங்கியதுதான். எனவே அறிவிப்புக்குக் காத்திருக்காமல் இப்போதே அடங்கலை வாங்கி, பயிரும் பரப்பும் சரியா என்று அங்கேயே நின்று வாசியுங்கள். ஏக்கருக்கு இவ்வளவு கிலோதான் என்று வரம்பு உண்டு. பரப்பு குறைந்தால் மூட்டையும் குறையும். பட்டா இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள்.

அப்புறம் ஈரம். அரவைக் கொப்பரையில் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு பெரியவர் வேன் பிடித்து எட்டு மூட்டை அரவைக் கொப்பரை கொண்டுவந்தார். மீட்டர் 7 காட்டியது. எட்டையும் திரும்ப ஏற்றினார், வாடகை இரண்டு மடங்கு. சாரல் நாளில் களத்து வெயிலை நம்பாதீர்கள். உடைத்தால் டக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை. பூஞ்சாணம் பிடித்ததையும் சில்லையும் வீட்டிலேயே பொறுக்கிவிடுங்கள். திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

வியாபாரி வந்து, “உங்க சிட்டாவக் குடுங்க அண்ணாச்சி, என் சரக்க உங்க பேர்ல போட்டுக்கிடுதேன்” என்று கேட்பார். கொடுக்காதீர்கள். உங்கள் வரம்பு அவர் மூட்டையில் தீர்ந்துவிடும். உங்கள் கொப்பரை களத்திலேயே கிடக்கும்.