வண்டி வாடகைக்கு விட்டவர் கேட்கவே இல்லையே, சார்!

இந்தக் கோடையில் இது நான்காவது கோப்பு. கிரேக்கத் தீவு சாண்டோரினி, நாலு சக்கர குவாட் பைக், உடைந்த காறை எலும்பு. பையனுக்கு இருபத்து மூன்று வயது. "முப்பதாயிரம் யூரோ கவர் இருக்கே சார், அப்புறம் ஏன் பணம் வராது?" என்று அவன் அப்பா போனில் கேட்கிறார். பயணக் காப்பீட்டு கிளெய்ம் பார்ப்பதுதான் என் வேலை. பதில் தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை.

கோப்பின் முதல் தாள் வாடகை ஒப்பந்தம். லைசென்ஸ் வகை எழுத வேண்டிய கட்டம் காலி. அதற்கு நேர் கீழே பையனின் அழகான கையெழுத்து. இணைத்திருக்கும் லைசென்ஸில் எல்.எம்.வி. மட்டும்தான் இருக்கிறது, அதாவது கார். குவாடுக்கு அது போதாது என்கிறது அவன் பாலிசி.

நான்கு பேரும் சொன்னது ஒரே வசனம்: "வண்டி வாடகைக்கு விட்டவர் லைசென்ஸைப் பற்றிக் கேட்கவே இல்லையே!" ஏன் கேட்கப்போகிறார்? அவருக்கு வண்டி போக வேண்டும், அவ்வளவுதான். உங்கள் பாலிசியை அவர் படித்ததில்லை. சாவி கொடுத்தார் என்பதால் உங்களுக்குத் தகுதி வந்துவிடாது. 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்று அவர் சொல்வது பெரும்பாலும் வண்டிக்கும் நீங்கள் போய் இடிக்கும் ஆளுக்கும். உங்கள் எலும்புக்கு அல்ல. முப்பதாயிரம் யூரோ என்பதும் ஐரோப்பா போக எடுக்கும் ஷெங்கன் விசாவுக்குக் கேட்கும் குறைந்தபட்ச கவர்தான். எப்படி விழுந்தாலும் தருவோம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால், குடித்துவிட்டு ஓட்டினால் கிடையாது என்று உள்ளே பொடி எழுத்தில் இருக்கும். யாரும் படிப்பதில்லை.

"ஐ.டி.பி., அதான் வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பெர்மிட், வாங்கிட்டுத்தானே போனேன்" என்பார்கள் சிலர். ஆர்.டி.ஓ. தரும் அந்தப் புத்தகம் புதிதாக எந்த உரிமையும் தராது. லைசென்ஸில் இருப்பதையே வேறு மொழிகளில் சொல்லும். கார் என்றால் கார். ஒரு வருடம்தான் செல்லும், அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும்.

குவாடை கிரேக்கர்கள் 'குருனா' என்பார்கள். பெண் பன்றி என்று அர்த்தம், ஓட்டிப் பார்த்தால் புரியும். நாலு சக்கரம் இருக்கிறதே, கவிழாது என்று நம்பி வளைவில் வேகமாகத் திருப்பினால் தூக்கிப் போட்டுவிடும். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். எதிரே பஸ் வந்தால் நம் கை தானாக இடப்பக்கம் ஒடிக்கும்.

ஓட்டியே தீருவேன் என்றால் கேளுங்கள். வண்டியின் வகை உங்கள் லைசென்ஸில் இருக்கிறதா, பாலிசி அதை ஏற்கிறதா என்று கிளம்பும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஹெல்மெட் போடுங்கள், அங்கேயும் அது சட்டம். தீவின் ஓயா ஊரில் சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டே ஒயின் குடித்தால் வண்டியைத் தொடாதீர்கள். பைக் ஓட்டுபவருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.2 கிராம்தான் அனுமதி. பாஸ்போர்ட்டை யாரிடமும் அடகு வைக்காதீர்கள். விழுந்தால் 112, அடுத்து பாலிசியில் உள்ள உதவி எண். போலீஸ் அறிக்கையும் அசல் பில்லும் இல்லாமல் என்னிடம் வராதீர்கள். சிக்கலான அறுவை சிகிச்சை என்றால் ஏதென்ஸுக்கோ கிரீட் தீவுக்கோ கொண்டுபோக வேண்டி வரும். கிளெய்ம் நிற்காவிட்டால் அந்தச் செலவும் உங்கள் அப்பா தலையில்தான்.

இன்னொன்று, ஜூலை, ஆகஸ்டில் மெல்தேமி என்னும் கோடைக் காற்று பலமாக அடித்தால் கப்பல் ஓடாது. ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே ஏதென்ஸ் போய்விடுங்கள்.

தீவின் முக்கிய ஊரான ஃபிராவின் பஸ் நிலையத்திலிருந்து ஓயா, பெரிஸ்ஸா, கமாரி எல்லாவற்றுக்கும் பஸ் இருக்கிறது. கூட்டமாக இருக்கும், உட்கார இடம் கிடைக்காது. நின்றுகொண்டே போங்கள், கண்ணுகளா.