ஃபிரெஸ்கோ என்றால் சுவரோவியமா?

பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் லூக்கா ஜோர்டானோவைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும், ஃபிரெஸ்கோ என்ற சொல்லை மொழிபெயர்த்து, "சுவரோவியங்கள் தீட்டினார்" என்றே எழுதியிருக்கிறார்கள். நேற்றும் ஒன்று கண்ணில் பட்டது. ஃபுளாரன்சில் மெடிச்சி ரிக்கார்டி அரண்மனையில் 1680களில் அவர் தீட்டியது வளைந்த கூரையில். ஸ்பெயினின் எஸ்கோரியல் அரண்மனையில் படிக்கட்டுக்கு மேலே, அதுவும் கூரைதான். அண்ணாந்து பார்க்க வேண்டியதைச் சுவருக்கு இறக்கிவிடுகிறார்கள்.

ஃபிரெஸ்கோ இத்தாலியச் சொல். புதிது, காயாதது என்று பொருள். சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே வெறும் தண்ணீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டுவார்கள், பசை கிடையாது. சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து இறுகும்போது வண்ணமும் அதோடு கல்லாகிவிடும். அதனால் ஒரு நாளில் முடிகிற அளவுக்குத்தான் சாந்து பூசுவார்கள். அந்தப் பங்குக்கு ஜொர்னாத்தா என்று பெயர். கிட்டே போய்ப் பார்த்தால் நேற்றைய பூச்சும் இன்றைய பூச்சும் சேருகிற இடத்தில் மயிரிழைபோல ஒரு கோடு தெரியும். "லூக்கா, சீக்கிரம்" என்றே பட்டப்பெயர் வாங்கியவர் ஜோர்டானோ. சாந்தோடு போட்டி போடும் இந்த வேலைக்குப் பொருத்தமான கை. இறப்பதற்கு முந்தைய வருடம், 1704இல்கூட, நேப்பிள்ஸின் சான் மார்ட்டினோ மடத்துக் கூரையில் தீட்டிக்கொண்டிருந்தார்.

சுவரோவியம் என்பது இடத்தைச் சொல்கிறது, முறையைச் சொல்லவில்லை. லியொனார்டோவின் 'கடைசி இராவுணவு' சுவரில் இருக்கிறது, ஆனால் ஃபிரெஸ்கோ இல்லை. காய்ந்த பரப்பில் தீட்டியதால் அவர் காலத்திலேயே உதிரத் தொடங்கிவிட்டது. ஜோர்டானோவினுடையது கூரையில் இருக்கிறது, ஆனால் ஃபிரெஸ்கோ. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் படிப்பவருக்கு என்ன புரியும்? அப்புறம் ஃபிரெஸ்கோவுக்கு 'ஈரச்சுவர் ஓவியம்' என்று ஒரு சொல்லையும் பார்த்தேன். ஈரச்சுவர் என்றதும் நமக்கு ஓதம் ஏறிய வீடுதான் நினைவுக்கு வரும், ஓதமோ இந்த ஓவியங்களுக்கு எமன். ஈரம் சுவரில் இல்லை ஐயா, சாந்தில் இருக்கிறது! அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள், எப்படித் தீட்டினார்கள் என்று ஒரு நிமிடம் யோசிப்பதில்லை.

சுடாத மண்பானையை வள்ளுவர் 'பசுமண் கலம்' என்கிறார். சுண்ணாம்புச் சாந்தைக் குறிக்கும் சுதையும் கோபுரத்துப் பொம்மைகளால் எல்லோருக்கும் தெரிந்த சொல். பசுஞ்சுதை ஓவியம் என்று சொன்னால் சரியாக உட்காருகிறது. காய்ந்த சாந்தின்மேல் தீட்டுவதை இத்தாலியர் 'ஆ செக்கோ' என்பார்கள், அதற்கு உலர்சுதை ஓவியம் தானாகவே பக்கத்தில் வந்து நிற்கும்.