ஃப்ரிட்ஜில் கேஸ் தீர்வதில்லை, கசிகிறது

"மூணாவது தடவையா கேஸ் அடிச்சாச்சு, மறுபடியும் கூலிங் இல்லை." பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று எந்தக் கரையில் ஃப்ரிட்ஜைப் பார்க்கப் போனாலும் முதலில் காதில் விழுவது இதுதான். அந்த மூன்று தடவைப் பணத்தை எடுத்து வைத்திருந்தால் புது ஃப்ரிட்ஜுக்கு முன்பணமாவது தேறியிருக்கும்.

ஒன்றை மனதில் பதியுங்கள். ஃப்ரிட்ஜ் கேஸ் அடுப்பு சிலிண்டர் மாதிரி செலவாகிற பொருள் அல்ல. அது எரிவதில்லை, தேய்வதில்லை, பழையதாகிச் சக்தி இழப்பதும் இல்லை. கம்பெனியில் அடைத்த அதே கேஸ்தான் மூடிய குழாய்க்குள் பத்து, இருபது வருடம் சுற்றிக்கொண்டே இருக்கும். "வருஷா வருஷம் டாப்-அப் பண்ணணும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கேஸ் குறைந்திருக்கிறதா? எங்கோ ஓட்டை இருக்கிறது. ஆர்-600ஏ என்ற கேஸ் ஓடும் வீட்டு ஃப்ரிட்ஜில் இருப்பதே சுமார் 30 முதல் 70 கிராம் கேஸ். ஊசிமுனை ஓட்டை போதும். அந்த ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடிப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். அது ரிப்பேரே இல்லை.

நம் கரையில் இந்த ஓட்டை சீக்கிரம் விழுகிறது. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கடல் பக்கமும், வாடையில் வடகடல் பக்கமும் உப்புக் காற்று வீட்டுக்குள் வந்து படிகிறது. பின்பக்கக் காயில், அதாவது வளைந்து வளைந்து போகும் குழாய், இரும்பு. கேஸிலுள்ள ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டரும் இணைப்புக் குழாயும் செம்பு. இரண்டும் சேரும் வெல்டிங்கில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு அரிபடும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலமே காலமெல்லாம் துருவோடு மல்லுக்கட்டியது. ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத குழாய் எம்மாத்திரம்?

எனவே ரிப்பேரா, புதுசா என்ற கேள்விக்கு விடை வயதில் மட்டும் இல்லை, பழுது எங்கே என்பதில் இருக்கிறது.

விளக்கு எரிகிறது, சில நிமிடத்துக்கு ஒரு தடவை "டிக்" சத்தம், கம்ப்ரசர் ஓடவில்லை என்றால் முதலில் கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலே, சூடானால் கரண்டை நிறுத்தும் ஓவர்லோடு. இரண்டும் மலிவு. அவற்றை மாற்றிப் பார்க்காமல் "கம்ப்ரசர் போச்சு" என்பவரிடம் மல்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சாதாரணக் கம்ப்ரசரின் மூன்று முனைகளுக்கிடையே மூன்று மின்தடை அளவு வரும். பெரிய அளவு மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்கும். எந்த முனைக்கும் பாடிக்கும் தொடர்பு காட்டக்கூடாது. வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் கம்ப்ரசருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே பெரும்பாலும் அதை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டில்தான் சிக்கல்.

ஐஸைத் தானே உருக்கும் ஃப்ராஸ்ட்-ஃப்ரீ வகையில் மேலே ஐஸ், கீழே வெதுவெதுப்பா? உள்காயில் ஐஸ் கட்டிக் காற்றை அடைத்திருக்கும். அந்த ஐஸை உருக்கும் ஹீட்டர், அதைக் கட்டுப்படுத்தும் பைமெட்டல், டைமர் ஆகியவற்றைப் பாருங்கள். தாராளமாக ரிப்பேர் செய்யலாம். கதவு இடுக்கில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். தடையின்றி வந்தால் கதவு ரப்பரை மாற்றினால் போதும்.

ஃப்ரீசரின் ஒரு மூலையில் மட்டும் பனி, மற்ற இடம் வெறும் தகடு, கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது என்றால் கேஸ் கசிவாக இருக்க வாய்ப்பு அதிகம். கசிவு பின்பக்கக் காயிலிலோ கம்ப்ரசர் இணைப்பிலோ இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு காட்டிக்கொடுக்கும், அது சரிசெய்யக்கூடியது. பக்கச் சுவருக்குள் ஒளிந்த காயில் என்றால் அதைத் துண்டித்துவிட்டு வெளியே புதுக் காயில் கட்டலாம். ஃபோமுக்குள் புதைந்த குளிர்க்குழாயில் ஓட்டை என்றால் விட்டுவிடுங்கள். கம்ப்ரசரும் போய், வயதும் எட்டைத் தாண்டி, அடித்தட்டும் துருவில் பொரிந்திருந்தால் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம். அதற்குமுன் வாரண்டி அட்டையைப் பாருங்கள். பல கம்பெனிகள் கம்ப்ரசருக்கு மட்டும் பத்து வருடம் தருகின்றன. கேஸும் கூலியும் பெரும்பாலும் உங்கள் கணக்கில்தான்.

முறையான கேஸ் வேலை இப்படி நடக்கும்: நைட்ரஜன் அடைத்து, சோப்பு நுரை தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து அடைப்பார்கள். ஃபில்டரைப் புதிதாகப் போடுவார்கள். குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வேக்கம் பம்ப் குறைந்தது அரைமணி நேரம் ஓடும். பிறகு ஸ்டிக்கரில் எழுதிய அதே கேஸை, தராசில் கிராம் பார்த்து ஏற்றுவார்கள். பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தால் இதில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. தள்ளிப்போடவும் வேண்டாம். ஆர்-600ஏ ஃப்ரிட்ஜ் ஓடும்போது குளிர்ப்பக்க அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஓட்டை இருந்தால் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். தண்ணீர் கேப்பிலரி என்ற மெல்லிய குழாயில் உறையும், எண்ணெய் கெடும், கடைசியில் கம்ப்ரசர் போகும்.

ஆர்-600ஏ தீப்பற்றும் கேஸ். குழாயில் கேஸ் இருக்கும்போது டார்ச் வைப்பவரையும், சமையல் கேஸை ஏற்றலாம் என்பவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வேலை நடக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பை அணையுங்கள்.

ஃப்ரீசரில் ஐஸைக் கத்தியால் குத்தாதீர்கள். தகடு வெறும் அலுமினியம், அதற்குள்தான் கேஸ் ஓடுகிறது. உப்புத் தண்ணீர் சொட்டும் மீனை, கருவாட்டை மூடியில்லாமல் வைத்தாலும் தகடு அரிக்கும். டப்பாவில் அடைத்து வையுங்கள். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்காயிலை நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து உலர விடுங்கள். உப்புக்கிணற்றுத் தண்ணீர் கூடாது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தொட்டால் சுருக்கென்கிறதா? உடனே பிளக்கைப் பிடுங்கி எர்த்தைச் சரிபாருங்கள். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் அதை முதலில் மாட்டுங்கள்.

வேலை தள்ளிப்போகும் நாட்களில் சூரை, கானாங்கெளுத்தி, சாளையை அந்த ஃப்ரிட்ஜில் வைக்கவே வேண்டாம். குளிர் போதாமல் இந்த மீன்களில் சேரும் ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது. இன்சுலின் இருந்தால் அதற்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். பக்கத்து வீட்டில் கேட்டு வையுங்கள்.

பழையதைத் தூக்கிப்போடும்போது ஒரே ஒரு வேண்டுகோள். கொல்லையில் கிடத்துகிறீர்கள் என்றால் கதவைக் கழற்றிவிடுங்கள். ஒளிந்து விளையாடும் பிள்ளைக்கு அதற்குள் மூச்சுக்காற்று இருக்காது.