வளர்ச்சிக் காரணிக்கு எதற்கு ‘உணர்வேற்பி’?

‘வளர்ச்சிக் காரணி உணர்வேற்பி’ என்ற தொடரை மறுபடியும் ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். இனியும் சும்மா இருக்க முடியவில்லை. செல்லை வளரவும் மாறவும் தூண்டும் புரதம்தான் வளர்ச்சிக் காரணி. அதைப் பிடிக்கும் புரதத்தை ஆங்கிலத்தில் ரிசெப்டர் என்பார்கள்; அதைத்தான் ‘உணர்வேற்பி’ ஆக்கியிருக்கிறார்கள். ‘ஏற்பி’ என்றாலே போதும் என்பது என் கட்சி.

ரிசெப்டர் என்பது ‘பெறு’ எனப் பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. செல்லின் மேல் வேதிப்பொருள் வந்து பொருந்தும் இடத்துக்கு 1900-இல் பால் எர்லிச் இந்தப் பெயரைச் சூட்டினார். அவ்வளவுதான் வரலாறு.

தமிழில் உணர்வேற்பி என்பது கண், தோல் போன்ற புலன்களுக்குப் பொருத்தமான சொல். ஒளியையும் வெப்பத்தையும் உணர்வாக மாற்றும் செல்கள் அங்கே இருக்கின்றன. வளர்ச்சிக் காரணியைப் பிடிக்கும் புரதத்தில் உணர்வு எங்கே வந்தது? பழ ஈயில் ஸ்பிட்ஸ் என்ற காரணி வந்து ஒட்டியதும், செல் சவ்வில் இருக்கும் இரண்டு புரதங்கள் இணை சேருகின்றன. ஒன்றிலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலங்களில் மற்றொன்று பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு ராஸ், ராஃப் என்ற புரதங்கள் வழியாகச் செய்தி உள்ளே கைமாறி, கடைசியில் உட்கருவில் மரபணுக்கள் இயங்குகின்றன. நடப்பது முழுக்க வேதிவினை.

இந்தக் குழப்பம் ஈயின் கண்ணில்தான் உச்சத்துக்குப் போகிறது. அந்தக் கூட்டுக்கண்ணின் ஒவ்வொரு சிறுகண்ணிலும் எட்டு ஒளியுணர் செல்கள் உண்டு. ஏழாவது செல் உருவாக, அதன் மேல் செவன்லெஸ் என்ற புரதம் இருக்க வேண்டும். பக்கத்திலுள்ள எட்டாவது செல்லின் மேலிருக்கும் பாஸ் என்ற புரதத்தை அது பிடித்தாக வேண்டும். செவன்லெஸ் இல்லாவிட்டால், ஏழாவதாக வேண்டிய செல் லென்ஸ் உண்டாக்கும் கூம்புச் செல்லாகப் போய்விடும். இப்போது ஒளியுணர் செல்லும் உணர்வேற்பி, செவன்லெஸ் புரதமும் உணர்வேற்பி என்றால், ‘உணர்வேற்பி இல்லாததால் உணர்வேற்பி உருவாகவில்லை’ என்றுதான் எழுத வேண்டிவரும். படிக்கும் மாணவர் என்ன செய்வார், பாவம்! ஆங்கிலத்திலும் இந்த இரட்டை வழக்கு உண்டுதான். அந்தச் சிக்கலை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

ரிசெப்டரை இலங்கை வழக்கில் ‘வாங்கி’ என்பார்கள். எளிய சொல், எனக்குப் பிடிக்கும். ஆனால் வாங்குவதோடு கதை முடிந்துவிடுவது போல அது ஒலிக்கிறது. ‘பொறுப்பேற்றார்’, ‘கட்டளையை ஏற்றார்’ என்னும்போது அடுத்து ஒரு செயல் வரும் என்று காது எதிர்பார்க்கிறது. இந்தப் புரதம் செய்வதும் அதைத்தான். இணைப்பு, இணைப்பி என்பது போல ஏற்பு, ஏற்பி. ஒரு தடவை சொன்னால் விளங்கிவிடும்.

நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள மனக்குறையும் இதுதான். அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் இப்படி எழுதியிருப்பார்கள்: செவன்லெஸ் ஏற்பி இல்லாத ஈயின் சிறுகண்ணில் ஏழாவது ஒளியுணர் செல் உருவாவதில்லை.