ஃபார்மேட் போட்டால் போதாதுங்க

திருப்பூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய சிஸ்டத்தை விற்கப்போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள்: "ஒரு ஃபார்மேட் மட்டும் போட்டுக் குடுங்க." 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததிலிருந்து இப்படிக் கைமாறும் கணினிகள் இன்னும் கூடியிருக்கின்றன.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு பனியன் கம்பெனிக்காரர் நான்கு சிஸ்டங்களைக் கொண்டுவந்தார். "ஃபார்மேட் எல்லாம் எங்க பையனே போட்டுட்டானுங்க, விலை மட்டும் சொல்லுங்க" என்றார். ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் கணினியில் மாட்டி, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ரெக்கவரி மென்பொருளை ஓட்டினேன். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் கோப்புகள் வரிசையாக வர ஆரம்பித்துவிட்டன. முதலில் லேபிள் டிசைன்கள், அப்புறம் பையருக்குப் போன இன்வாய்ஸ்கள். அதற்கும் கீழே ஒரு எக்செல் ஷீட். தையல் பிரிவுப் பெண்களின் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், வாரச் சம்பளம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்னோடது போனாக்கூடப் பரவாயில்லைங்க. இது அவங்களுதாச்சே" என்றார்.

குயிக் ஃபார்மேட் என்பது, குடோனில் சரக்கை அப்படியே விட்டுவிட்டு ஸ்டாக் ரிஜிஸ்டரை மட்டும் கிழித்துப் போடுவது மாதிரி. அதே இடத்தில் வேறு எதையாவது எழுதும்வரை பழைய டேட்டா ஹார்ட் டிஸ்க்கில் அப்படியேதான் கிடக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'ரீசெட் திஸ் பிசி' உண்டு. அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்ததும் அவசரப்பட்டு நெக்ஸ்ட் தட்டாதீர்கள். 'சேஞ்ச் செட்டிங்ஸ்' உள்ளே போய் 'க்ளீன் டேட்டா'வை ஆன் செய்யுங்கள். தானாக அது ஆஃபில்தான் இருக்கும். ஆன் செய்தால் பல மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் வந்து பாருங்கள்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் டேட்டாவை வைக்கும் எஸ்எஸ்டி என்றால் கணக்கு வேறு. அதற்குள் இருக்கும் கன்ட்ரோலர் ஒரே இடம் தேயாமல் இருக்க டேட்டாவை மாற்றி மாற்றி வைக்கும். அதனால் மேலே மேலே எழுதினாலும் ஏதாவது ஒரு மூலையில் பழையது தங்கலாம். தயாரித்த நிறுவனத்தின் டூலிலோ, விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் அடிப்படை செட்டிங்ஸான பயாஸிலோ இருக்கும் 'செக்யூர் எரேஸ்'தான் அதற்குச் சரியான வழி.

அழிப்பதற்கு முன்னால், கணக்கு எழுதும் மென்பொருளான டேலியின் டேட்டாவை பேக்கப் எடுத்து, வேறு கணினியில் ரீஸ்டோர் செய்து திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டேலி லைசென்ஸைப் பழைய கணினியில் சரண்டர் செய்யுங்கள். பயாஸ் பாஸ்வேர்ட் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கையும் மறக்காமல் நீக்குங்கள். கோபியிலிருந்து ஒரு மாணவி செகண்ட் ஹேண்ட் லேப்டாப்போடு வந்தாள். பயாஸில் ஏதோ மாற்றியதும் நீலத்திரையில், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டது. அந்த கீ இருந்ததோ பழைய உரிமையாளரின் கணக்கில், அவருடைய நம்பரோ அவளிடம் இல்லை. செமஸ்டர் ப்ராஜெக்ட் உள்ளேயே பூட்டிக்கொண்டது. அவள் கண்கலங்கி நின்றதைப் பார்த்த பிறகு, விற்கவரும் ஒவ்வொருவரிடமும் இதை நான் முதலில் கேட்கிறேன்.

க்ளோன் செய்த கணினிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆறு சிஸ்டம் வாங்கினால், ஒன்றில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு மற்ற ஐந்துக்கும் அப்படியே காப்பி எடுப்பது இங்கே வழக்கம். நேரம் மிச்சம்தான். ஆனால் கணினியின் பெயரிலிருந்து உள் அடையாள எண்வரை ஆறிலும் ஒன்றாகிவிடும். ஒரு அலுவலகத்தில், தூரத்திலிருந்தே கணினியை இயக்க உதவும் ரிமோட் செயலியின் ஐடிகூட ஒன்றாக இருந்தது. பில்லிங் சிஸ்டத்தைச் சரிசெய்யக் கனெக்ட் செய்தால் முதலாளியின் திரை திறந்தது. காப்பி எடுப்பதற்கு முன்பே மூலக் கணினியில், விண்டோஸோடு வரும் சிஸ்பிரெப் என்ற டூலை ஓட்டி, 'ஜெனரலைஸ்' டிக் செய்து ஷட்டௌன் கொடுக்க வேண்டும். ரிமோட் செயலிகளை அதற்கு அப்புறம் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக இன்ஸ்டால் செய்யுங்கள்.

சிஸ்பிரெப் அடையாளத்தைத்தான் நீக்கும், ஆளின் கோப்புகளை அழிக்காது. யாரோ இரண்டு வருடம் ஓட்டிய கணினியை மூலமாக வைத்தால், அவருடைய டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரும் ஆறு பேருக்கும் சேர்ந்தே போகும். அதனால் புதிதாக விண்டோஸ் ஏற்றிய கணினியிலிருந்து மட்டுமே நான் காப்பி எடுக்கிறேன்.

அந்த பனியன் கம்பெனிக்காரரின் நான்கு டிஸ்க்குகளையும் முழுக்க அழிக்க இரண்டு ராத்திரி ஆனது. அதே ரெக்கவரி மென்பொருளை மறுபடி ஓட்டி, ஒன்றும் வரவில்லை என்று அவர் கண்ணாலேயே பார்க்க வைத்தேன். பிறகு விண்டோஸ் ஏற்றி, எந்த நாடு என்று கேட்கும் முதல் திரையிலேயே நிறுத்தி ஷட்டௌன் செய்துவிட்டேன். பெயரை வாங்குகிறவர் போட்டுக்கொள்ளட்டும்.